கறுப்பு சிவப்புச் சுவர்

கனகராஜ் ஐந்து மணிக்கு எழுந்தான். பால் கார்டை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தான். முன்பெல்லாம் இரண்டு வாங்குவான். குழாய் நிற்பதற்குள் குடத்தை நிரப்பினான். ஸ்டவ்வுக்குக் காற்றடித்தான். அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்கு முன்னால் ஒரு சாக்பீஸ் பெட்டி இருந்தது. அதை நகர்த்திச் சர்க்கரையை எடுத்தான். சர்க்கரையைத் திரும்ப வைத்துவிட்டுப் பெட்டியையும் பழைய இடத்திலேயே வைத்தான். காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முகம் மழித்தான். வேட்டி மாற்றினான். மற்ற நாளாயிருந்தால் பன்னிரண்டு பி பஸ் பிடித்துப் பாண்டி பஜாரில் இறங்கிக் கடை திறக்கப் போயிருப்பான்.

அன்று கடைக்கு லீவு சொல்லியிருந்தான். பூட்டை எடுத்தவன் திரும்பி வந்து, அந்தச் சாக்பீஸ் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டான். ஏன் என்று யோசிக்கவில்லை. ஆடி மாசத்திலிருந்து அவன் எதையுமே ஏன் என்று யோசிப்பதில்லை.

ஆடியில்தான் தங்கபுஷ்பம் செத்துப்போனாள். மஞ்சள் காமாலை. தெப்பக்குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் இருந்த சின்ன உதவிபெறும் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தாள். அந்தப் பள்ளியில்தான் அன்று அவளுடைய படத் திறப்பு.

போன வாரம் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் வேம்பு ஐயர் கடைக்கே வந்திருந்தார். கனகராஜின் தாய்மாமன் இசக்கிமுத்துவின் ஜவுளிக்கடை அது. பி.ஏ. படித்துவிட்டு வேலை தேடி வந்தவனை மாமன் வெள்ளைத் துணிப் பிரிவில் உட்கார்த்தி வைத்திருந்தார். வேம்பு ஐயர் குடையை மடக்கிக்கொண்டு நேராக அவனிடம் வந்தார்.

“டீச்சரோட படம் ஒண்ணு வேணுமே. அவா பாடம் எடுத்த க்ளாஸ்லயே மாட்டிடலாம்னு இருக்கோம்.”

“தாரேன். ஆனா அந்தச் சுவரை ஒண்ணும் செய்யக் கூடாது.”

“சேச்சே, அதை எதுக்குத் தொடப்போறேன்? அவா ஞாபகமாச்சே!”

“நிச்சயமாவா?”

“நான் சொன்னா சொன்னதுதான்.”

கல்லாவிலிருந்து மாமா குரல் கொடுத்தார். “பெரிய மனுசன் வாக்குக் குடுத்துட்டாருல்லா. குடுடே படத்தை.”

அவனிடம் இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். அதைக் கொடுத்தான். மனைவி செத்த பிறகு அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்டது அந்தச் சுவர் ஒன்றுதான்.

சுவரின் கதை கடையில் ஆரம்பித்தது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் தங்கபுஷ்பம் கடைக்கு வந்தாள். மல், லாங்கிளாத், காடா, பாப்ளின் என்று கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. எல்லாம் வெள்ளை. யாரோ கேட்க, கனகராஜ் பேசிக்கொண்டே கையை நீட்டி ஒரு கட்டை உருவிப் போட்டான். சரியான துணி.

“எல்லாம் ஒரே மாதிரி கெடக்கு. எப்படித்தான் எடுக்கீங்க?” என்றாள்.

“துணியைப் பாக்க மாட்டோம். நூலைப் பாப்போம்.”

ஒவ்வொரு கட்டின் ஓரத்திலும் ஒரு நூல் முடிந்திருக்கும். மல்லுக்குப் பச்சை, லாங்கிளாத்துக்குச் சிவப்பு, காடாவுக்கு நீலம். அது எல்லா ஜவுளிக்கடையிலும் உள்ள வழக்கந்தான். அதில் ஒரு அதிசயமும் இருப்பதாகக் கனகராஜுக்குத் தோன்றியதில்லை. அவளோ பஸ்ஸில் வீடு வரும்வரை புடவை ஓரத்து நூலைத் திருகிக்கொண்டே வந்தாள். ராத்திரி சோறு போடும்போது சொன்னாள்: “எழுத்துக்கும் ஒரு நூல் கட்டணும் அத்தான்.”

அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அ, ஆ வந்துவிடும். க, ங, ச வந்துவிடும். அதற்கப்புறம் கால், கொம்பு, சுழி, கொக்கி என்று ஆரம்பிக்கும்போது பாதிப்பேர் கரையில் நின்றுவிடுவார்கள். இருநூற்றுச் சொச்சம் எழுத்தும் அவர்களுக்கு இருநூற்றுச் சொச்சம் வெள்ளைத் துணிக்கட்டு. டீச்சர் அடித்தாலும் அதுதான், கொஞ்சினாலும் அதுதான்.

முதலில் அவள் ஏழெட்டுக் கலரில் அட்டை எழுதிக்கொண்டு போனாள். அட்டை அழகாக இருந்தது. பாடம் படுதோல்வி. “ரோஸ் எழுத்து எங்கன்னு கேட்டா எல்லாம் ஓடி வருது. அது என்ன எழுத்துன்னு கேட்டா முழிக்கி. கலர் கூடுனா கண்ணு வேடிக்கைதான் பாக்கும்” என்று அட்டைகளை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். பிறகு இரண்டே கலர் என்று முடிவு செய்தாள். எழுத்தின் உடம்பு கறுப்பு. அதோடு சேரும் காலும் கொம்பும் சுழியும் சிவப்பு. கறுப்பு மாறினால் எழுத்து மாறும், சிவப்பு மாறினால் சத்தம் மாறும். பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். அப்போதெல்லாம் ‘னை’ எழுத யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்றை முன்னால் வளைத்துப் போடவேண்டும். அந்தத் தும்பிக்கையைச் சிவப்பில் போட்டதும் முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டினார்களாம்.

எழுபதாம் வருஷம் பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வகுப்பின் மேற்குச் சுவர் முழுக்க இருவருமாக எழுதினார்கள். கடைக் கஜக்கோலை வைத்து அவன் பென்சிலில் கோடு போட்டான். அவள் எனாமல் பெயிண்டில் எழுதினாள். கறுப்பெல்லாம் காய்ந்த பிறகு சிவப்பு. பெயிண்ட் போகக் கையை மண்ணெண்ணெயில் கழுவியதில், அந்த வாரம் முழுக்க அவன் சாப்பிட்ட சோறு அந்த வாசம் அடித்தது.

அவளுக்குச் சுவர் வெறும் ஆரம்பந்தான். கரும்பலகையில் உடம்பை வெள்ளைச் சாக்பீஸிலும் மற்றதைச் சிவப்புச் சாக்பீஸிலும் எழுதுவாள். அரைப்பரீட்சை வரும்போது அந்தச் சிவப்பை மெல்லிசாக்கிவிடுவாள். பொங்கல் லீவு முடிந்து வந்தால் எல்லாம் ஒரே வெள்ளைச் சாக்பீஸ். பிள்ளைகள் கவனிக்கவே மாட்டார்கள், தடுமாறாமல் படிப்பார்கள். “நூலை அவுத்தாச்சு” என்று வந்து சொல்வாள். வளையல் கடை ஜைதூன் பீயின் மகள் ஜஹீதா பக்கத்துப் பள்ளியில் இரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டு வந்தவள். அவள் அந்த மாசியில் கச்சேரி ரோட்டுப் பெயர்ப்பலகைகளை ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டு போனாள்.

அதே மாசியில்தான் தேர்தல். ஊரில் ஒரு சுவர் பாக்கியில்லை. வகுப்பு ஜன்னல் சந்தைப் பார்த்திருந்தது. சந்தில் போனவர் யாரோ எட்டிப் பார்த்துவிட்டு வேம்பு ஐயரிடம் போய் ஊதிவிட்டார். அவர் மேல்துண்டு நழுவ ஓடி வந்தார். அன்று சாயங்காலம் தங்கபுஷ்பம் அந்தக் காட்சியை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள்.

“பள்ளிக்கூடத்துல கறுப்பு சிவப்புல கட்சிக்கொடி வரைஞ்சு வெச்சிருக்கேளே டீச்சர்!”

“சார், அது எழுத்து.”

“நேக்கு எழுத்து தெரியறது. ஊருக்குக் கலர்தானே தெரியும்?”

“சரி சார், சிவப்புக்குப் பதிலா பச்சை போடட்டா?”

“பச்சையா? முஸ்லிம் லீக்னுடுவா.”

“முழுக்கச் சிவப்பு?”

“கம்யூனிஸ்ட்!”

“காவி?”

“ஐயையோ, ஜனசங்கம். வேற வினையே வேண்டாம். நீலம் போடுங்கோ, யாருக்கும் பொல்லாப்பில்லை.”

“கறுப்பும் நீலமும் தூரத்துல இருந்து பாத்தா எனக்கே ஒண்ணா தெரியும் சார். புள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?”

நீலத்தை விட்டால் ஒரு கட்சிக்கும் சொந்தமில்லாத கலர் இன்னொன்றை வேம்பு ஐயரால் சொல்ல முடியவில்லை. கடைசியில், தேர்தல் முடியும்வரை மூடி வைப்பது என்று ஒத்துக்கொண்டார். கனகராஜ் கடையிலிருந்து காடாத் துணி கொண்டுபோய்த் திரை கட்டினான். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தினமும் திரை விலகும்போது விசில் அடித்தார்கள். கனகராஜும் தங்கபுஷ்பமும் அந்தச் சாயங்காலம் சிரித்த சிரிப்பில், மாடிப்போர்ஷன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது அதை நினைத்தால் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஐப்பசியில் அந்தக் கட்சி இரண்டாக உடைந்தது. உடைந்தபின் இரண்டும் கறுப்பு சிவப்பையே வைத்துக்கொண்டன. தெருவுக்குத் தெரு கொடிக்கம்பத் தகராறு. பள்ளி ஜன்னலில் ஒரு கல் விழுந்து கண்ணாடி உடைந்ததாகக் கேள்விப்பட்டான். அது யார் எறிந்த கல், எதற்கு எறிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

பள்ளி வாசலில் ஜைதூன் பீ நின்றுகொண்டிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அருகில் வந்தாள்.

“நைனா, நீ சொல்லித்தான் பண்ணாங்களா?”

“எதை?”

“அப்ப உனுக்குத் தெரியாது. உள்ள போய்ப் பாரு. என் சின்னப் பொண்ணு குல்ஷன் ரெண்டு நாளா வூட்டுக்கு வந்து அய்துக்கினு கீது. ‘எழுத்தெல்லாம் காணாம பூட்ச்சும்மா’ன்னு.”

வராந்தாவிலேயே சுண்ணாம்பு வாசம் அடித்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் உள்ளே போய்ப் பார்த்தான்.

மேற்குச் சுவர் வெள்ளையாக இருந்தது. நடுவில் ஆணி அடித்து, படத்தை மாட்டி, பட்டுத்துணி போட்டு மூடியிருந்தார்கள். சுவரோரம் ஊதுவத்தி. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேம்பு ஐயர் கைகூப்பிக்கொண்டு வந்தார்.

“வாங்கோ, வாங்கோ. படம் மாட்ட சுவர் பளிச்சுனு இருக்கணுமேன்னு…”

யாரோ கனகராஜை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் தங்கபுஷ்பத்தின் சிநேகிதி ஆரோக்கியமேரி; சாந்தோமிலிருந்து வரும் இரண்டாம் வகுப்பு டீச்சர். அவள் தலைகுனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள். “சனிக்கெழமை ஆளு வெச்சு அடிச்சிட்டாங்கண்ணா. திங்கக்கெழமை வந்துதான் நாங்களே பாத்தோம்.”

பட்டுத்துணியை விலக்கினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

படம் கலரில் இருந்தது.

கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்திலிருந்து அவனை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்தவளுக்கு ஸ்டூடியோக்காரன் கையால் சாயம் பூசியிருந்தான். உதட்டில் ரோஸ். கன்னத்தில் ரோஸ். புடவைக்குக் கிளிப்பச்சை. அந்தப் புடவை மாம்பழக் கலர், அரக்குப் பார்டர். கடையில் அவனே தேடி எடுத்தது. எழுத்துக்கு இரண்டு கலர் கூடாதாம். செத்தவளுக்கு மட்டும் ஐந்தாறு கலர் பூசலாமாம். பல மாதமாக மரத்துக் கிடந்த மனசுக்குள் ஏதோ ஒன்று சூடாக ஏறுவது அவனுக்குத் தெரிந்தது. அது துக்கமாக இருக்கவேண்டும் என்று நினைத்தான். துக்கம் இல்லை, கோபம்.

வேம்பு ஐயர் பேசினார். டீச்சர் தொழிலைத் தெய்வமாக மதித்தவர் என்றார். பொறுமையின் பூஷணம் என்றார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கறுப்பும் சிவப்பும் அவர் வாயில் வரவில்லை. எழுத்து எப்படிப் பிள்ளைகள் மண்டையில் ஏறியது என்று சொல்லவில்லை. யார் செத்தாலும் பேசக்கூடிய பேச்சு அது. கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரில உயிர் பிரியறச்சே கூட ‘என் பள்ளிக்கூடம், என் குழந்தைகள்’னு சொல்லிண்டே போனாளாம்.”

“யார் சொன்னா?”

கேட்டது தான்தான் என்று கனகராஜுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

“எல்லாரும் சொல்றா…”

“யாரும் அங்க இல்ல. அவ கடைசியாப் பேசினது எங்கிட்ட. அப்படி ஒண்ணும் அவ சொல்லல. அவ சொல்லாததை அவ வாயில வைக்காதீங்க.”

“உக்காருங்கோ. பெரியவா வந்திருக்கா, குழந்தேள் இருக்கு.”

“குழந்தைங்க இருக்கட்டும். அதுங்ககிட்ட நீங்களே சொல்லுங்க, சுவத்துல இருந்த எழுத்து எங்க போச்சுன்னு. தொட மாட்டேன்னு கடையில வந்து வாக்குக் குடுத்தீங்க. அதுக்குத்தான் படத்தைத் தந்தேன்.”

வேம்பு ஐயரின் முகம் சிவந்தது. “நன்னா பேசறேள். கல்லு விழுந்ததே, தெரியுமோ? அது யார் மேல விழும்? உங்க மேலயா? இதோ, இந்த ஜன்னலண்டை உக்காந்திருக்கற குழந்தை மேல விழும். அப்போ இந்த ஊர் யாரைக் கேக்கும்? என்னைத்தானே கேக்கும்?”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நியாயந்தான் கனகராஜின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

“கல்லெறிஞ்சவனைக் கேக்க உங்களுக்குத் தைரியம் இல்ல. செத்தவளை அழிக்கத் தைரியம் இருக்கு. மறுபடியும் திரை போட்டிருக்கலாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு பேல் காடா கொண்டாந்து கட்டியிருப்பேனே! கலர்தானே பயம்? அந்தா இருக்கு கரும்பலகை. அது கறுப்பு. அதுல டீச்சர் சிவப்பால அடிக்கோடு போடுவாங்க. ஓடிப் போய் அதுக்கும் வெள்ளையடிங்க.”

பின்னாலிருந்து ஜைதூன் பீயின் குரல் வந்தது. “அப்டிக் கேளு நைனா. எங்க தல முடி கறுப்பு, வெத்தல போட்ட வாயி செவப்பு. எங்களுக்கும் அடிச்சி வுட சொல்லு.”

யாரோ சிரித்தார்கள். வேம்பு ஐயர் உட்கார்ந்துவிட்டார்.

கனகராஜ் சுவரிடம் போனான். படத்தை ஆணியிலிருந்து கழற்றி மேஜைமேல் குப்புற வைத்தான். படம் இருந்த இடத்தில் கையை வைத்தான். உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் எனாமல். எனாமலின்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. வெள்ளையடித்தவனுக்கு அது தெரிந்திருக்கும். கூலி வாங்கிக்கொண்டு அடித்துவிட்டுப் போயிருக்கிறான். மூலையில் தண்ணீர்ப் பானை இருந்தது. டஸ்டரை அதிலே முக்கிப் பிழிந்து சுவரை ஒரு இழு இழுத்தான்.

சுண்ணாம்பு வழிந்தது. கறுப்பு தெரிந்தது. அதன் தலையில் சிவப்பாக ஒரு சுழி.

“மீ!” என்றது முன்வரிசையில் ஒரு குரல். குல்ஷன்.

அவன் இன்னொரு இழு இழுத்தான்.

“மு!” இப்போது நாலைந்து குரல்.

அதன்பின் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக் கை முழங்கைவரை வெள்ளைச் சேறு. துடைக்கத் துடைக்கப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். மூ. மெ. மே. மை. சந்தில் போகிறவர்கள் ஜன்னலண்டை நின்றார்கள். அவர்களுக்கு என்ன கலர் தெரிந்ததோ, யாரும் கல்லெடுக்கவில்லை. ஒரு வரி முடிந்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது. டஸ்டரைப் போட்டான்.

“நாளைக்கே கொத்தனை விட்டுச் சுரண்டிப் பூசிடுவேன்” என்றார் வேம்பு ஐயர். குரலில் வேகம் இல்லை. அவருடைய அங்கவஸ்திரத்திலும் சுண்ணாம்பு தெறித்திருந்தது.

“பூசுங்க.”

கொத்தன் வரத்தான் போகிறான். அவன் உளிக்கு எனாமலும் ஒன்றுதான், சுண்ணாம்பும் ஒன்றுதான். அது கனகராஜுக்குத் தெரிந்தது. துணிப்பையை எடுத்தான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, சாக்பீஸ் பெட்டியை ஆரோக்கியமேரியிடம் நீட்டினான். அட்டைமேல் ஒட்டிய காகிதம்கூடப் பிரியவில்லை. உள்ளே அத்தனையும் சிவப்பு.

“நீங்க ஒண்ணாங் கிளாஸ் எடுப்பீங்களா?”

“கேட்டு வாங்கிக்கிறேண்ணா. எனக்கு அவ எப்படி எழுதுவாள்னு தெரியும்.” அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது எப்ப வாங்கினது?”

“ஆஸ்பத்திரியில இருந்தப்ப. கடைக்குப் போயிட்டு வரும்போது வாங்கிட்டு வந்தேன். அதுக்குள்ள அவளுக்கு நினைவு தப்பிட்டு.”

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வகுப்பு வாசலுக்கு வந்ததும் ஆரோக்கியமேரி பின்னாலேயே வந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அவ கடைசியா என்னதான் சொன்னா?”

வராந்தாவில் நின்றான். உள்ளே பிள்ளைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வார்டு. காலை. கண்ணெல்லாம் மஞ்சளாக அவள் படுத்திருந்தாள். அவன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் கையை லேசாகத் தூக்கி அவனைக் கூப்பிட்டாள். அவன் குனிந்தான்.

“அத்தான், சிவப்பு தீந்துட்டு. வரும்போது வாங்கிட்டு வாங்க.”